திரைக்கு வெளியே என்ன நடந்தது?

ஏஆர் (போன் கேமராவில் தெரியும் நிஜக் காட்சியின் மேல் கற்பனைப் பொருளை வைத்துக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டி) ஆப் ஒன்றைச் சோதிக்க யார் வீட்டுக்காவது போனால் முதலில் நான் பார்ப்பது தரையைத்தான், ஆட்களை அப்புறம்தான். பழைய மொசைக் தரை என்றால் நிம்மதி. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடிக் கல் என்றால் கேட்கவே வேண்டாம். புது ஃபிளாட், பளபளக்கும் வெள்ளை விட்ரிஃபைடு டைல்ஸ் என்றால், இன்றைக்கு நாற்காலி அந்தரத்தில் மிதக்கும், சோபா சுவருக்குள் புகும் என்று வாசலிலேயே மனதைத் தேற்றிக்கொண்டு செருப்பைக் கழற்றுவேன்.

காரணம் இதுதான். போனின் கேமரா தரையில் உள்ள புள்ளி, கீறல், விளிம்பு போன்றவற்றை அடையாளமாகப் பிடித்துக்கொள்கிறது. போன் நகர நகர அந்த அடையாளங்கள் எப்படி இடம் மாறுகின்றன என்று பார்க்கிறது. போனுக்குள் இருக்கும் அசைவு உணரிகள் சொல்வதையும் சேர்த்து, தரை எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுகிறது. ஏஆர் ஆப் செய்ய உதவும் மென்பொருள்களான ஆப்பிளின் ஏஆர்கிட் 2017இலும், கூகுளின் ஏஆர்கோர் முதல் முழுப் பதிப்பு 2018 தொடக்கத்திலும் வந்ததிலிருந்து சாதாரண போன்களில் இந்த வித்தை இப்படித்தான் நடக்கிறது. மொசைக்கில் ஆயிரம் சில்லுகள் இருக்கின்றன. பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைக்கும். வெள்ளை டைல்ஸில் ஒன்றுமே இல்லை. போதாக்குறைக்கு டியூப்லைட்டின் பிரதிபலிப்பு வேறு, நாம் நகர்ந்தால் கூடவே நகரும். மென்பொருள் அதைத் தரையில் உள்ள அடையாளம் என்று நம்பி ஏமாந்துவிடும். 2020இல் வந்த ஐபோன் 12 ப்ரோ போல, ஒளியை அனுப்பித் தூரத்தை அளக்கும் லைடார் உணரி உள்ள போன்களில் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். ஆனால் நான் போகும் வீடுகளில் அப்படி ஒரு போன் இருப்பது அபூர்வம்.

ஆபீஸில் உள்ள சோதனை அறையிலோ கோடு போட்ட கார்ப்பெட். நாள் முழுக்க ஒரே அளவு வெளிச்சம். அங்கே எந்த ஆப்பும் பாஸ்தான்.

பயனர் அனுபவத்தை ஆராய்வது என் பிழைப்பு. பல வருடம் வங்கி ஆப், டிக்கெட் ஆப் என்று பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஆக்மென்டட் ரியாலிட்டி பக்கம் வந்தவன். பழைய வேலையில் ஒருவரை மேசை முன்னால் உட்காரவைத்து, திரையைப் பதிவு செய்து, எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஏஆரில் அந்த முக்கால் கால்வாசியாகச் சுருங்கிவிடுகிறது. ரொனால்ட் அசுமா 1997இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் ஏஆருக்கு மூன்று இலக்கணம் சொன்னார்: நிஜமும் கற்பனையும் கலந்திருக்க வேண்டும், உடனுக்குடன் நம் செயலுக்குப் பதில் வர வேண்டும், முப்பரிமாணத்தில் நிஜ உலகத்தோடு பொருந்தி நிற்க வேண்டும். இந்த மூன்றாவது ஒன்று போதும், பழைய சோதனை முறையைக் கவிழ்த்துப் போட. எதோடு பொருந்த வேண்டுமோ அந்த நிஜ உலகம் நம் ஆபீஸில் இல்லை. அது அவரவர் வீட்டில், தெருவில், தொழிற்கூடத்தில் கிடக்கிறது. ஆப்பைச் செய்த கம்பெனி பாதிப் பொருளைத்தான் செய்திருக்கிறது, மீதிப் பாதியைப் பயனர் கொண்டுவருகிறார்.

வில்லிவாக்கத்தில் ஒரு வீடு. மரச்சாமான்களை வீட்டில் வைத்துப் பார்க்கும் ஆப் ஒன்றின் சோதனை. கல்லூரியில் படிக்கும் பையன் முதலில் போனை வாங்கினான். திரையில் ஒரு கை படம் அசைந்து, போனை மெதுவாக நகர்த்தச் சொன்னது. நின்ற இடத்திலேயே நின்று, அகலப் படம் எடுப்பதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனைத் திருப்பிக்கொண்டே இருந்தான். தரை கிடைக்கவில்லை. "நெட் ஸ்லோவா இருக்கு சார்" என்றான். நெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அவன் அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "கொடு இப்படி." இரண்டு கையாலும் போனைப் பிடித்து, சாமிக்குக் கற்பூரத் தட்டு காட்டுவதுபோல வட்டமாகச் சுற்றினார். இரண்டே சுற்றில் தரையில் புள்ளிகள் பூத்தன. "வந்துடுச்சு பாரு தம்பி" என்றார் என்னிடம்.

அவர் தற்செயலாகச் செய்தது சரியான காரியம். நின்ற இடத்தில் போனைத் திருப்பினால் அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒரே மாதிரிதான் நகரும்; எது எவ்வளவு தூரம் என்று கேமராவால் கண்டுபிடிக்க முடியாது. போன் இடம் மாற வேண்டும். வட்டமாகச் சுற்றும்போது மேலும் கீழும் பக்கவாட்டிலும் இடம் மாறுகிறது, ஆழம் பிடிபடுகிறது. இப்போது நான் சொல்ல வந்தது என்னவென்றால், இரண்டு பேரின் திரைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் என்ன வித்தியாசமாகச் செய்தார்கள் என்று தெரியாது. இரண்டிலும் தரை ஆடிக்கொண்டே போகிறது, ஒன்றில் புள்ளி வருகிறது, ஒன்றில் வரவில்லை. அறையின் மூலையில் நான் வைத்திருந்த இன்னொரு கேமராவில்தான் காரணம் இருந்தது. அந்தக் கேமரா இல்லாமலிருந்தால் அறிக்கையில் 'மகன் தோல்வி, தாய் வெற்றி' என்று இரண்டு கட்டங்களை நிரப்பிவிட்டுப் போயிருப்போம்.

ஏஆர் சோதனையில் உடம்பைப் பார்க்காமல் திரையை மட்டும் பார்ப்பவர் பாதி ஆட்டத்தைத்தான் பார்க்கிறார் என்பது என் கட்சி. தோள் எப்போது தளர்கிறது, ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போன் எப்போது மாறுகிறது, எந்தப் பக்கம் கால் போகிறது எல்லாமே தரவுதான். குறிப்பாகக் கால். ஒரு மூன்று பேர் சோபாவை முழு அளவில் ஹாலில் வைத்தால் அது போன் திரைக்குள் அடங்காது. முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பின்னால் போக வேண்டும். நம் ஃபிளாட் ஹாலில் பின்னால் போக எங்கே இடம்? இரண்டடி எடுத்து வைத்தால் டீப்பாய், மூன்றாவது அடியில் குழந்தையின் சைக்கிள். கண் திரையிலேயே இருக்கும். பயனரைப் பின்னோக்கி நடக்கவிடாதீர்கள் என்று கூகுளின் ஏஆர் வடிவமைப்புக் கையேடே எச்சரிக்கிறது. சோபா விற்கும் ஆப்புக்கு அதைக் கடைப்பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது பத்துக்குப் பன்னிரண்டு அறையில் நின்று பார்த்தால்தான் புரியும்.

இன்னொன்று, நம் வீடுகளில் ஒருவரைத் தனியாக வைத்துச் சோதிப்பது நடக்காத காரியம். பாடப் புத்தகத்தில் பயனர் ஒருவர், தான் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆப்பைப் பயன்படுத்துவார். இங்கே நான் "மனசுல படுறத சொல்லுங்கம்மா" என்றால் "நல்லா இருக்கு தம்பி" என்பதற்கு மேல் வராது. வீட்டுக்கு வந்தவன் கொண்டுவந்த பொருளைக் குறை சொல்வதாவது! ஆனால் மாமியார், மகள், பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் கூடிவிட்டால் கதையே வேறு. "ஜன்னல மறைக்குது, இந்தப் பக்கம் தள்ளு." "அய்யோ, கொழந்த மேல சோபா ஏறிடுச்சு பாரு." குழந்தை சோபாவுக்கு முன்னால் நடந்து போனாலும் சோபா அவன் மேல் வரையப்படுகிறது, எது முன்னால் எது பின்னால் என்பதை மறைத்துக் காட்டத் தெரியாத ஆப்களில் வரும் குறை. என்னிடம் யாரும் புகார் சொல்லவில்லை. அவர்களுக்குள் பேசிக்கொண்டதில் எனக்கு வேண்டிய அத்தனையும் இருந்தது. கூட்டத்தை விரட்டாமல் இருப்பதுதான் நான் கற்றுக்கொண்ட முறை, வேறு பெயர் அதற்கு வைக்கத் தெரியவில்லை.

கேள்வித்தாள்கள் விஷயத்துக்கு வருகிறேன். வாடிக்கையாளர் கம்பெனிகளுக்கு ஓர் எண் வேண்டும். ஜான் புரூக் 1986இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்தபோது உருவாக்கிய சிஸ்டம் யூசபிலிட்டி ஸ்கேல் அதற்குத்தான் இருக்கிறது. பத்து வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி, கடைசியில் நூற்றுக்கு ஒரு மதிப்பெண். 68 சராசரி என்று கொள்வது வழக்கம். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. பத்து நிமிடத்தில் முடியும், எந்த ஆப்புக்கும் பொருந்தும், போன வருடத்தோடு இந்த வருடத்தை ஒப்பிடலாம். ஆனால் அந்தப் பத்தில் ஒன்றுகூடக் கை வலித்ததா என்று கேட்பதில்லை. வைத்த பொருள் வைத்த இடத்தில் நின்றதா என்றும் கேட்பதில்லை. கேட்க முடியாது, 1986இல் கம்ப்யூட்டர் மேசை மேல் இருந்தது.

கையில் பிடிக்கும் ஏஆருக்கென்றே 2014இல் ஓர் அளவுகோல் வந்தது. சுருக்கமாக ஹாரஸ் என்பார்கள். பதினாறு வாக்கியங்கள், இரண்டு பங்கு: கையாள எளிதாக இருந்ததா, காட்டியது புரிந்ததா. கை அசதி, பிடிமானம் எல்லாம் அதில் உண்டு. நான் அதைத்தான் அதிகம் நம்புகிறேன். அதோடு, சாண்ட்ரா ஹார்ட்டும் லோவெல் ஸ்டேவ்லாண்டும் 1988இல் வெளியிட்ட நாசாவின் பணிச்சுமை அளவுகோலையும் சேர்த்துக்கொள்வேன். மனச் சுமை, உடல் சுமை, நேர நெருக்கடி, எவ்வளவு நன்றாகச் செய்தோம், எவ்வளவு முயன்றோம், எவ்வளவு எரிச்சல் என்று ஆறு கேள்வி. விமானிகளையும் விண்வெளிக்காரர்களையும் மனதில் வைத்துச் செய்தது, போனை நீட்டிப் பிடித்து நிற்கும் அம்மாவுக்கும் பொருந்துகிறது. உடல் சுமைக் கட்டத்தில் குறியீடு வலது பக்கம் நகர ஆரம்பித்தால் அந்த ஆப்பை அவர் இன்னொரு முறை திறக்க மாட்டார் என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

எந்த அளவுகோலும் பிடிக்காத ஒன்று உண்டு: 'அட!' என்ற முதல் ஆச்சரியம். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் ஹாலில் இல்லாத சோபா ஒன்று நிற்பதைப் பார்ப்பவர் என்ன கேட்டாலும் நான்கு, ஐந்து என்றுதான் போடுவார். ஆப் சோபாவைச் சாய்வாக வைத்திருந்தாலும் ஐந்து போடுவார். அந்த மதிப்பெண் தொழில்நுட்பத்துக்குக் கிடைத்தது, ஆப்புக்குக் கிடைத்தது அல்ல. அதனால் நான் ஒரே நாளில் முடிக்க மறுக்கிறேன். ஒரு வாரம் கழித்து அதே வீட்டுக்குப் போவேன். ஆப் இன்னும் போனில் இருக்கிறதா, நான் போன பிறகு யாராவது திறந்தார்களா, எதற்காகத் திறந்தார்கள்? இந்த இரண்டாவது வருகைக்குப் பணம் ஒதுக்கச் சொன்னால் எல்லோர் முகமும் சுருங்கும்.

ஆராய்ச்சி உலகமும் இதில் ரொம்ப முன்னால் போய்விடவில்லை. ஸ்வானும் கேபர்டும் 2005இல் பழைய ஆய்வுக் கட்டுரைகளை அலசியபோது, ஏஆர் பற்றிய 266 கட்டுரைகளில் ஆட்களை வைத்து முறையாகச் சோதித்தவை 21தான். அப்புறம் நிலைமை முன்னேறியது. 2005 முதல் 2014 வரை வந்தவற்றை மார்க் பில்லிங்ஹர்ஸ்ட் உள்ளிட்டோர் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள்; 291 கட்டுரைகள், 369 பயனர் ஆய்வுகள். எண்ணிக்கை சரிதான். ஆனால் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் இளம் வயதுக் கல்லூரி மாணவர்கள், பெரும்பாலான சோதனைகள் ஆய்வகத்துக்குள், வெளியில் களத்தில் நடந்தவை கொஞ்சமே என்று அவர்களே குறைபட்டிருக்கிறார்கள். பேராசிரியர் கண்ணில் பட்ட மாணவனைப் பிடித்து உட்காரவைப்பது உலகம் முழுக்க ஒன்றுதான் போலிருக்கிறது.

இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஏஆர் என்ற பெயர் வருவதற்கு முன்பே நடந்தது. விமானியின் கண்ணுக்கு நேராக, முன் கண்ணாடி வழியே தெரியும்படி வேகம், உயரம் போன்ற எண்களைக் காட்டும் கருவி உண்டு. குனிந்து மீட்டர்களைப் பார்க்க வேண்டியதில்லை, வெளியே பார்த்தபடியே எல்லாம் தெரியும், நல்ல யோசனை. 1980இல் நாசாவின் ஏம்ஸ் மையத்தில் ஃபிஷர், ஹெய்ன்ஸ், பிரைஸ் மூவரும் விமானிகளை ஒப்புருவியில் (சிமுலேட்டரில்) உட்காரவைத்து இதைச் சோதித்தார்கள். தரையிறங்கும்போது ஓடுபாதையில் இன்னொரு விமானத்தைக் குறுக்கே நிறுத்தினார்கள். கருவியைப் பயன்படுத்திய தேர்ந்த விமானிகளில் சிலர் அந்த விமானத்தைக் கவனிக்கவே இல்லை, நேராக இறங்கிவிட்டார்கள். அது அவர்கள் கண்ணுக்கு எதிரே, அந்த எண்களுக்குப் பின்னாலேயே இருந்தது.

அந்த விமானிகளிடம் கேள்வித்தாள் மட்டும் கொடுத்திருந்தால் 'பயன்படுத்த எளிது, துல்லியமாக இறங்க முடிந்தது' என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதுவும் உண்மைதான். பயனர் எதைப் பார்த்தார் என்பதை அவர் சொல்லுவார், எதைப் பார்க்கத் தவறினார் என்பதை அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அதைச் சோதிப்பவர்தான் முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்துப் பார்க்க வேண்டும். நான் இப்போது எந்த ஏஆர் சோதனையிலும் வழியில் ஏதாவது ஒன்றை வைத்துவிடுகிறேன். தரையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, சுவரில் புதிதாக ஒட்டிய மஞ்சள் தாள். முடிந்ததும் "வழியில என்னெல்லாம் இருந்துச்சு?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்பேன். பதில் வராதபோது அறிக்கையில் அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குவேன்.

நடந்து போகும்போது வழிகாட்டும் ஏஆரில் இது விளையாட்டு இல்லை. கூகுள் மேப்ஸின் லைவ் வியூ 2019இல் பரவலாக வந்தது. போனைத் தூக்கித் தெருவைக் காட்டினால், கேமராவில் தெரியும் கட்டடங்களை, தெருத்தெருவாக எடுத்து வைத்திருக்கும் தன் ஸ்ட்ரீட் வியூ படங்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே, எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறோம் என்று கண்டுபிடித்து, தெருவின் மேலேயே அம்புக்குறி போடும். ஸ்ட்ரீட் வியூ இந்தியாவுக்கு 2022இல்தான் முறையாக வந்தது. அதற்குப் பிறகுதான் இங்கே இதெல்லாம் சாத்தியமானது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், திசை தெரிந்ததும் போனை இறக்கச் சொல்வது. இறக்கினால் சாதாரண வரைபடத்துக்கு மாறிவிடும். பயனரைத் தன்னிடமே கட்டிவைக்காத ஆப் அரிது.

அதே வகையில் ஒரு வழிகாட்டி முயற்சியைச் சென்னைத் தெருவில் சோதித்தபோது ஒன்று தெரிந்தது. நம் ஊரில் நடப்பவர்களின் கண் தரையில் இருக்கிறது. இருந்தே ஆக வேண்டும். மின்வாரியப் பெட்டி, பெயர்ந்த சிமெண்ட் பலகை, குறுக்கே நிறுத்திய ஸ்கூட்டர், தூங்கும் நாய். ஏஆர் அம்போ ஆள் உயரத்தில் பறக்கிறது. பார்வையை எது இழுக்கிறதோ அதற்கு நேர் எதிரே ஆபத்து இருக்கிறது. சோதனைக்கு வந்தவர்களில் புத்திசாலிகள் ஆப் சொன்னபடி நடக்கவில்லை. முனையில் நின்று போனைத் தூக்கினார்கள், திசையைப் பார்த்தார்கள், பையில் போட்டுவிட்டு நடந்தார்கள். அடுத்த முனையில் ஒரு டீக்கடைக்காரரிடம் வழியும் கேட்டுக்கொண்டார்கள்.

ஆப் செய்தவர்களின் கணக்கில் இவர்கள் மோசமான பயனர்கள், ஏனென்றால் ஆப் திறந்திருந்த நேரம் குறைவு. மற்ற ஆப்களில் பயனர் எவ்வளவு நேரம் இருந்தார் என்பதுதான் வெற்றியின் அளவு. தெருவில் பயன்படும் ஏஆருக்கு அதை அப்படியே திருப்பிப் போட வேண்டும் என்று நான் வாதாடினேன்: போன் தூக்கியிருந்த நொடிகள் குறையக் குறைய வடிவமைப்பு நல்லது. மார்க்கெட்டிங்கில் இருந்த ஒருவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

தெருவில் இன்னொரு தரப்பும் இருக்கிறது: போனைத் தூக்கிப் பிடித்தால் எதிரே இருப்பவர்கள். பூக்கார அம்மா ஒருவர் சோதனைக்கு வந்த பெண்ணிடம், "எதுக்கும்மா என்ன வீடியோ புடிக்கிற?" என்று கேட்டேவிட்டார். அந்தப் பெண் வெலவெலத்துப்போய் போனை இறக்கினாள், அப்புறம் கடைசிவரை தூக்கவில்லை. கேமரா வைத்த மூக்குக்கண்ணாடியான கூகுள் கிளாஸ் 2013இல் 1,500 டாலருக்கு முதல் ஆர்வலர்கள் கையில் வந்தபோது நடந்ததும் இதுதான். போட்டிருப்பவருக்கு என்ன அனுபவம் என்று பார்த்தார்கள், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன என்பது ஊரே கோபப்பட்ட பிறகுதான் தெரிந்தது. 2015 ஜனவரியில் பொது விற்பனையை நிறுத்தினார்கள். பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கென்று நன்கு நிலைபெற்ற கேள்வித்தாளை நான் இன்னும் பயன்படுத்திப் பார்த்ததில்லை. பூக்கார அம்மாவிடம் ஒரு முழம் வாங்கிக்கொண்டு பேச்சுக் கொடுப்பதுதான் இப்போதைக்கு என் கருவி.

மக்கள் எதை அணைத்து வைக்கிறார்கள் என்று பார்ப்பதும் ஒரு நல்ல சோதனை. 2016 ஜூலையில் போகிமான் கோ என்ற போன் விளையாட்டு வந்து உலகமே தெருவில் இறங்கியது. ஏஆர் என்றால் என்ன என்று கோடிக்கணக்கானோருக்குத் தெரிந்தது அதனால்தான். ஆனால் தொடர்ந்து ஆடியவர்களில் ஏராளமானோர் அந்த ஏஆர் பொத்தானை அணைத்துவிட்டு ஆடினார்கள். பேட்டரி தாங்கும், பந்தும் குறி தப்பாமல் விழும். விளையாட்டு பிடித்திருந்தது, நடப்பது பிடித்திருந்தது, கூட்டம் பிடித்திருந்தது. கேமரா மட்டும் தொல்லை. ஆப்பில் ஏஆரை அணைக்க ஒரு பொத்தான் வைத்துவிட்டு, யார், எப்போது, எதற்கு அணைக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டாலே போதும், எந்தக் கேள்வித்தாளைவிடவும் நேர்மையான பதில் கிடைக்கும்.

தலையில் மாட்டும் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் எனக்கு அனுபவம் குறைவு. முதல் தொல்லை, அவர் பார்ப்பது நமக்குத் தெரியாது. கருவி பதிவு செய்யும் காணொளியைப் பார்த்தால் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். 2016இல் வந்த மைக்ரோசாஃப்ட்டின் முதல் ஹோலோலென்ஸில் கற்பனைப் பொருள் தெரிந்த பரப்பு அகலவாக்கில் ஏறத்தாழ 30 டிகிரிதான். பெரிய எந்திரம் ஒன்றை எதிரே வைத்தால் தலையைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடியும். பதிவிலோ முழு எந்திரமும் கம்பீரமாக நிற்கும். அந்தப் பதிவை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர் வேறு ஒரு பொருளை மதிப்பிட்டிருக்கிறார். இரண்டாவது, உடம்பு. கொண்டை போட்டுப் பூ வைத்திருக்கும் பெண் தொழிலாளியின் தலையில் பின்பட்டை எங்கே உட்காரும்? மூக்குக்கண்ணாடி? மே மாத வியர்வை? ஆப்பிள் விஷன் ப்ரோ 2024 பிப்ரவரியில் 3,499 டாலருக்கு வந்தபோது எடை 600 கிராமுக்கு மேல். கால் மணி நேரச் சோதனையில் யாருக்கும் கழுத்து வலிக்காது. ஷிஃப்ட் முடியும்போது கேட்க வேண்டிய கேள்வி அது. போயிங்கில் டாம் காடெல் ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயரை வைத்ததே 1990களின் தொடக்கத்தில் விமான ஒயர்க் கற்றைகளைத் தொழிலாளர்கள் சரியாகக் கோப்பதற்காகத்தான். அங்கேயிருந்து பார்த்தால் பிடித்திருந்ததா என்ற கேள்வியே இரண்டாம் பட்சம். ஒயர் சரியான துளையில் போனதா, கருவியைக் கழற்றிய அடுத்த வாரமும் சரியாகப் போகிறதா என்பதுதான் கேள்வி.

அந்த வகையில் யோசித்தால் சோபா ஆப்புக்கும் ஒரே ஒரு உண்மையான தேர்வுதான்: சோபா வீட்டுக்கு வந்த பிறகு. மரச்சாமான் கம்பெனியான ஐகியா 2017இல் ஐகியா பிளேஸ் ஆப்பை வெளியிட்டதிலிருந்து இந்த வகை ஆப்கள் எல்லாவற்றின் வாக்குறுதியும் ஒன்றுதான், வாங்குவதற்கு முன்பே வீட்டில் வைத்துப் பாருங்கள் என்பது. அப்படிப் பார்த்து எடுத்த முடிவு சரியா என்பதை ஆப் திறந்திருக்கும்போது யாரும் அளக்க முடியாது. நிறம் ஒத்துப்போனதா, அளவு சரியாக வந்ததா, ஜன்னலைத் திறக்க முடிகிறதா என்று டெலிவரி ஆன வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று கேட்டேன். அது டெலிவரி பிரிவின் வேலை, உங்கள் வேலை இல்லை என்றார்கள். விடாமல் நச்சரித்து, சில வீடுகளுக்கு மட்டும் அனுமதி வாங்கினேன்.

மூன்றாவது மாடி ஃபிளாட் ஒன்று. சோபா ஹாலில் பொருந்தியிருந்தது. ஆப் காட்டிய அதே மூலை, அதே சாம்பல் நிறம், ஜன்னல் கதவுக்கும் நாலு விரற்கடை இடம் இருந்தது. "ஆப்பு கரெக்டாதான் காட்டிச்சு சார்" என்றார் வீட்டுக்காரர். "ஆனா மாடிப்படி திருப்பத்துல திரும்பவே இல்ல. லிஃப்ட்டுலயும் போகல. பால்கனி வழியா கயிறு கட்டித்தான் ஏத்துனோம். அதுக்குத் தனியா கூலி." பால்கனிச் சுவரில் சுண்ணாம்பு பெயர்ந்திருந்ததையும் காட்டினார். சோபாவின் ஒரு காலில் கீறல்.

அறிக்கையில் எழுதினேன்: ஹாலோடு நிறுத்தாமல் வாசல் கதவு, லிஃப்ட், படிக்கட்டுத் திருப்பம் மூன்றையும் அளக்கச் சொல்லும் ஒரு படியை ஆப்பில் சேர்க்கலாம், பயனர் கேட்காத கேள்விதான், ஆனால் அவருக்குத் தேவையான கேள்வி. கூட்டத்தில் எல்லோரும் பலமாகத் தலையாட்டினார்கள். நல்ல பாயிண்ட் என்றார்கள். படிக்கட்டில் வெளிச்சம் போதாது, கேமராவுக்குத் தரை கிடைக்காதே என்று ஒரு டெவலப்பர் கவலைப்பட்டார், நியாயமான கவலை. பார்க்கலாம், அடுத்த ரிலீஸுக்கு அடுத்ததில் என்றார் மேனேஜர். அதுவரை நான் சோதிக்கப் போகும் வீடுகளில் டேப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டுத் திருப்பத்தை நானே அளந்து அவர்களுக்குச் சொல்லிவிட்டு வருகிறேன்.